மழையில் நின்ற வேலையும் மத்தியஸ்தமும்

கேள்வி: நிலாவெளியில் விடுதி கட்டும் ஒப்பந்தகாரன் நான். மாரி மழையால் அத்திவார வேலை தாமதித்ததற்காக, உரிமையாளர் எனக்குரிய கொடுப்பனவில் தண்டம் கழித்துவிட்டார். மத்தியஸ்தம் பயன்படுமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: பயன்படும். ஆனால் முதலில் ஒப்பந்தத்தில் பிணக்குத் தீர்வு பற்றிய பிரிவு மத்தியஸ்தத்தைச் சொல்கிறதா, நடுத்தீர்ப்பைச் சொல்கிறதா என்று பாருங்கள். ஏனெனில் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், மத்தியஸ்தரோ தீர்ப்பே வழங்குவதில்லை. இருவரும் இணங்கிக் கையொப்பமிட்டால்தான் தீர்வு. வடகீழ்ப் பருவமழை இங்கே எவரும் எதிர்பார்ப்பதுதானே என்று உரிமையாளர் வாதிடுவார், அதில் நியாயமும் உண்டு. ஆகவே வழமைக்கு மிஞ்சிய மழை நாட்களைக் காட்டும் வேலைத்தள நாட்குறிப்பையும், கால நீடிப்புக் கேட்டு உரிய வேளையில் அனுப்பிய கடிதத்தையும் கொண்டுசெல்லுங்கள். கடிதமே அனுப்பவில்லையென்றால் (பலர் அனுப்புவதில்லை), கழித்த தொகையில் ஒரு பகுதிக்கு இணங்குவதே புத்தி.