சி.டி. ஸ்கேன் முதல் கருமணல் வரை: கதிர்வீச்சு பயம், கேள்வி பதில்

வணக்கம். 27 வருஷம் மருத்துவமனைகளில் மெடிக்கல் பிசிசிஸ்ட்டாக இருந்தவன். பாதி நாள் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி வேலையும் என் தலையில்தான். நான் டாக்டர் இல்லை, அதனால் என்ன மருந்து சாப்பிடலாம் என்று கேட்காதீர்கள். எவ்வளவு கதிர் பட்டது, அதற்கு எவ்வளவு பயப்படலாம் என்பதுதான் என் பேட்டை. "ஸ்கேன் எடுத்தேன், ஆபத்தா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. என்ன ஸ்கேன், உடம்பில் எந்த இடம், என்ன வயசு, மூன்றும் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: 6 வயசுப் பையன் மாடிப்படியில் விழுந்து ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். தலைக்கு சி.டி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் சி.டி.யால் கேன்சர் வரும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை சார்.

முதலில், கேட்ட விதத்துக்கு நன்றி அம்மா. மூன்று விவரமும் இருக்கிறது.

தலை சி.டி. ஒன்றுக்குச் சுமாராக 2 மில்லிசீவர்ட் (உடம்பில் பட்ட கதிரின் பாதிப்பை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் உலக சராசரியில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் கணக்கில், 1,000 மில்லிசீவர்ட் பட்டால் 100 பேரில் 5 பேருக்குக் கூடுதல் பாதிப்பு. அதை 2க்கு இறக்கினால் 10,000 பேரில் ஒருவர். குழந்தை என்பதால் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், 10,000ல் இரண்டு மூன்று பேர். நம் நாட்டில் எந்த ஸ்கேனும் எடுக்காமலே 9 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விழுந்து வாந்தி எடுத்த பிள்ளைக்கு மூளையில் ரத்தக் கசிவு இருந்து அதைப் பார்க்காமல் விட்டிருந்தால்? அந்தப் படம் எடுத்தது சரி.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஃபிலிமையும் ஸ்கேன் பதிந்து கொடுத்த குறுந்தட்டையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால் முதலில் அதை நீட்டுங்கள். நான் பார்த்த வீண் டோஸில், அதாவது வீணாகப் பட்ட கதிர் அளவில், பெரும்பங்கு, பழைய படம் கையில் இல்லாததால் மறுபடி எடுத்ததுதான்.

கேள்வி: அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்தால் எத்தனை மில்லிசீவர்ட் சேரும்?

சுழி. அது காந்தமும் ரேடியோ அலையும். அல்ட்ராசவுண்டும் அப்படியே, அது வெறும் ஒலி.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் மனைவிக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டோம். அப்போது 6 வாரம். கலைத்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

உறவினர்களை உட்காரச் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேருவது 0.01 மில்லிகிரேக்கும் கீழே (கிரே என்பது உடம்பு உறிஞ்சும் கதிரின் அலகு). 100 மில்லிகிரேக்குக் கீழே கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்பதே சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக்கூட நீங்கள் வரவில்லை. ஒரு குழந்தை இந்தப் பயத்தால் போய்விடக் கூடாது என்றுதான் இந்தப் பதிலை முந்தித் தருகிறேன். உங்கள் மகப்பேறு டாக்டரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

எக்ஸ்ரே டெக்னீஷியன், 24 வயது: சார், வேலையில் என்மேல் படும் கதிரை அளக்க நான் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜில் இந்தக் காலாண்டுக்கு 14 மில்லிசீவர்ட் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நிர்வாகம் விளக்கம் கேட்டிருக்கிறது. எனக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். வேலை முடிந்து போகும்போது பேட்ஜ் எங்கே இருக்கும்?

ஏன் கேட்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு கேஸ் என் கையில் வந்தது, எந்த ஊர் என்பது வேண்டாம். பையன் பயத்தில் ஊருக்கே போய்விட்டான். நான் போய் ரூமைப் பார்த்தேன். லெட் ஏப்ரன் (ஈயக் கவச அங்கி), மார்பு எக்ஸ்ரேக்கு ஆளை நிறுத்தும் பக்கி ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, பேட்ஜ் அதிலேயே குத்தியபடி. பையன் சாப்பிடப் போனாலும் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனாலும் பேட்ஜ் மட்டும் ராத்திரி பகலாக டியூட்டி பார்த்திருக்கிறது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் எடுத்த மார்பு எக்ஸ்ரே அத்தனையும் அதில் பதிவு.

பேட்ஜைத் திறந்தால் உள்ளே மூன்று வில்லைகள் இருக்கும். ஒன்று உலோகத்தகடுக்கு அடியில், ஒன்று பிளாஸ்டிக்குக்கு அடியில், ஒன்று திறந்தபடி. மூன்றின் அளவும் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கிறது என்பதை வைத்து எந்த மாதிரிக் கதிர் பட்டது என்று பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் உண்மையை எழுதிக் கொடுங்கள், மழுப்பாதீர்கள். நிஜமாகவே உங்கள் உடம்பில் பட்டதுதான் என்றாலும் 14 என்பது ரத்த அணுவை ஆட்டும் அளவே இல்லை. நம் நாட்டில் தொழிலாளிக்கு 5 வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20, எந்த ஒரு வருஷத்திலும் 30 என்பது வரம்பு. பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு மட்டத்தில். கழற்றினால் ரூமுக்கு வெளியே. பிள்ளைகளே, இதைப் படிக்கும் எல்லா டெக்னீஷியன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டுப் பக்கத்தில் செல்போன் டவர்...

அது எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் கதிர், அதாவது அயனியாக்கும் கதிர், இல்லை. அடுத்தது.

குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து: மணவாளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். கருமணலில் தோரியம் இருக்கிறது, அதனால்தான் ஊரில் கேன்சர் அதிகம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். கேரளாவில் ஆராய்ச்சி செய்து ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார்கள் என்று இன்னொரு பக்கம். எது உண்மை அண்ணே?

இதற்குத்தான் காத்திருந்தேன். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது அது திருவிதாங்கூர். அந்த மோனசைட்டில்தான் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம்.

கேரள ஆராய்ச்சி கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் நடந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்து ஆட்கள் வீடு வீடாகப் போய் உள்ளேயும் வெளியேயும் அளந்தார்கள். சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்தார்கள். 1,379 புற்றுநோய்கள் பதிவாயின. சிலருக்கு வாழ்நாள் டோஸ் 500 மில்லிகிரேயைத் தாண்டியது. கதிர் கூடக் கூடப் புற்றுநோய் கூடியதா என்று பார்த்தால், கூடவில்லை.

குறுக்கே ஒருவர்: அப்படியானால் குறைந்த டோஸ் ஆபத்து என்ற கணக்கே பொய்தானே? கொஞ்சம் கதிர் உடம்புக்கு நல்லது என்றே நான் படித்திருக்கிறேன்.

குறுக்கே இன்னொருவர்: எங்கள் தெருவில் நாலு பேருக்குக் கேன்சர். இவர்களுடைய ஆராய்ச்சியை யார் நம்புவது?

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள்.

தெருக்காரருக்கு: 9ல் ஒருவர் என்று மேலே சொன்னேன். 40 பெரியவர்கள் இருக்கும் தெருவில் வாழ்நாள் கணக்கில் நாலு பேருக்கு மேல் எப்படியும் வரும். கதிர் காரணமா என்று பார்க்க, கதிர் குறைந்த தெருவையும் எண்ண வேண்டும். அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

"நல்லது" என்கிறவருக்கு: ஃபிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுத் தொழிலாளர்கள் 3,09,932 பேரை வைத்து 2023ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் ஒரு கிரேக்கு (1,000 மில்லிகிரே), கட்டிப் புற்றுநோய் (ரத்தப் புற்றுநோய் நீங்கலாக மற்றவை) மரணம் 52 சதவீதம் கூடுகிறது. நிச்சயமின்மையைச் சேர்த்தால் 27க்கும் 77க்கும் நடுவில். கருநாகப்பள்ளியில் அதே ஒரு கிரேக்கு வந்தது கழித்தல் 13 சதவீதம். ஆனால் அதன் ஓரங்களைப் பாருங்கள்: கழித்தல் 58லிருந்து கூட்டல் 46 வரை. 27லிருந்து 46 வரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன! ஒன்று நோயை எண்ணியது, இன்னொன்று மரணத்தை எண்ணியது, ஆகவே நேருக்கு நேர் வைக்க முடியாது என்பதும் உண்மை. இருந்தாலும் "கேரளா பொய்யாக்கிவிட்டது" என்று சொல்ல இடமே இல்லை. வலை பெரிய கண் வைத்தது, சின்ன மீன் சிக்கவில்லை. கடலில் மீனே இல்லை என்று அதை வைத்துச் சொல்வீர்களா?

முதலாமவர் மறுபடி: சார், கழித்தல் 13 என்றால் குறைந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. 58 குறைந்திருக்கலாம், 46 கூடியிருக்கலாம் என்பதுதான் அர்த்தம். இந்த எண்ணை நடுவில் மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்த மறுநாள் குழந்தையைத் தூக்கலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். தூக்குங்கள்.

கேள்வி: கூடங்குளத்துக்கு 30 கிலோமீட்டரில் இருக்கிறோம். அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

அது எல்லாக் கதிருக்கும் மருந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதிரியக்க அயோடினிடமிருந்து தைராய்டை மட்டும் காக்கும். அதுவும் கதிர் வருவதற்குச் சற்று முன்போ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ போட்டால்தான். சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருளுக்கு உதவாது. 1986ல் செர்னோபிலில் குழந்தைகளின் தைராய்டைக் கெடுத்தது பெரும்பாலும் பால்: புல்லில் அயோடின் விழுந்தது, மாடு மேய்ந்தது, பிள்ளைகள் குடித்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் அரசு சொல்லும்போது போடுங்கள், பாலை நிறுத்துங்கள். காயத்துக்குப் போடும் டிங்சரை யாரும் குடித்துவிடாதீர்கள், அதையும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: மாஸ்டர் செக்கப்பில் முழு உடம்பு சி.டி. சலுகை விலையில் தருகிறார்கள். எனக்கு 38 வயசு, எந்தத் தொந்தரவும் இல்லை.

வேண்டாம். ஒரே நாளில் 10 மில்லிசீவர்ட்டும் அதற்கு மேலும் போகும். பலருக்கு ஒன்றுமில்லாத புள்ளி ஒன்று தெரியும், அதைத் துரத்த இன்னொரு சி.டி. அந்தக் காசுக்கு பி.பி.யும் சர்க்கரையும் பாருங்கள்.

கேள்வி: ரேடியேஷன் போனில்...

மேலே.

குமரிக்காரர் மறுபடி: அண்ணே, கடைசியாக. வீட்டு முற்றத்தில் பாட்டி காலத்திலிருந்து கருமணல் கொட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் அதில்தான் விளையாடுகின்றன. என்ன செய்ய?

இன்றைக்கு விளையாடட்டும், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். தரை பெயர்க்கும் வேலை ஏதாவது வந்தால் அப்போது கருமணலை அள்ளி அப்புறப்படுத்திச் சாதாரண மண் போட்டுவிடுங்கள். படுக்கும் அறைத் தரைக்குக் கீழே மட்டும் அதை நிரப்ப வேண்டாம். நாளுக்கு எட்டு மணி நேரம் படுத்துக் கிடக்கிற இடம் அது. பழைய எக்ஸ்ரே படம் எதையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே?