சீனக்குடாத் தாங்கிகளும் நாடுகளின் நட்பும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் திருகோணமலை சீனக்குடாவில் இருக்கும் எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இம்முறை எரிபொருளும் அயலுறவும் மட்டும்தான். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். ஒரு நாடு யாரோடு சேர வேண்டும் என்பதைக் கொள்கை தீர்மானிக்கிறதா, எண்ணெய் தீர்மானிக்கிறதா? (மூதூர் மாணவி)

இரண்டும்தான் பிள்ளை. ஆனால் கொள்கை பேச எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை எரிபொருள்தான் அளந்து கொடுக்கிறது. அதற்குச் சாட்சி உங்கள் ஊருக்கு எதிரிலேயே இருக்கிறது. கிண்ணியாப் பாலம் தாண்டி சீனக்குடா வழியாக நகரத்துக்கு வருகிறீர்களே, அங்கே காட்டுக்குள் நிற்கும் இரும்புத் தாங்கிகளைச் சொல்கிறேன்.

அவை ஏன் அங்கே வந்தன? முதலாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னர் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. அப்போது கடற்படைக்குப் பொறுப்பாக இருந்தவர் சேர்ச்சில். எண்ணெயில் ஓடும் கப்பல் வேகமாகப் போகும், கடலிலேயே எரிபொருள் நிரப்பலாம். ஆனால் நிலக்கரி வேல்ஸில் சொந்த மண்ணில் கிடைத்தது, எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. அதனால் 1914இல் பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த கம்பனியின் பெரும்பான்மைப் பங்கைப் பிரித்தானிய அரசே வாங்கியது. அன்றிலிருந்து பாரசீகத்தில் யார் ஆள்கிறார் என்பது லண்டனின் கவலையாகிவிட்டது. எண்ணெய்க் கப்பல் வரும் வழியெல்லாம் காவல் தேவைப்பட்டது, வழியில் தங்க இடமும் தேவைப்பட்டது. அப்படித்தான் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் திருகோணமலையில் நூறு தாங்கிகள் வரை எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. ஒரு விமானம் ஒரு தாங்கியிலேயே மோதியது, அது நாள்கணக்கில் எரிந்தது. அந்தத் தாங்கியின் வளைந்து உருகிய தகடுகள் இன்னும் அங்கே கிடக்கின்றன. ஜப்பான் போரில் இறங்கியதற்கும் எண்ணெய்தான் ஒரு பெரிய காரணம். 1941இல் அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியதும், டச்சுக்காரர் கையில் இருந்த இந்தோனேசிய எண்ணெய் வயல்களை நோக்கி ஜப்பான் கிளம்பியது. சப்பான்காரன் குண்டு போட்ட கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அந்தக் கதையின் மறுமுனை இந்தோனேசியாவின் எண்ணெய்க் கிணறுகளில் இருக்கிறது.

இனிக் கொள்கைக்கு வருவோம். 1956இல் சுயஸ் நெருக்கடி வந்தது. கால்வாயை எகிப்து தேசியமயமாக்கியதும் பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. மேற்கு ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெயில் பெரும் பங்கு அந்தக் கால்வாய் வழியாகத்தான் போனது. நம் துறைமுகத்தில் பிரித்தானியத் தளம் இருந்தால் அவர்களுடைய சண்டைக்குள் நாமும் இழுபடுவோம் என்ற அச்சம் அப்போது நியாயமானது. பண்டாரநாயக்க அரசு 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் மீளப் பெற்றது. அது கொள்கை முடிவு, நல்ல முடிவும்கூட. ஆனால் கடற்படை போனபின் பெரும்பாலான தாங்கிகளுக்கு வேலை இல்லை. அவற்றை நிரப்ப நம்மிடம் பணமும் இல்லை, கப்பலும் இல்லை. கொள்கை நம்முடையதானது, எரிபொருளுக்கு மற்றவர் முகம் பார்க்கும் நிலை அப்படியே இருந்தது.

1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் எண்ணெய்க் குதம் எப்படி வந்தது? அது இனப்பிரச்சினை ஒப்பந்தம் அல்லவா? (வவுனியா வாசகர்)

அந்த ஒப்பந்தத்தால் வந்த மாகாண சபையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தோடு சேர்த்து ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களை மறந்துவிடுகிறார்கள். 1987 ஜூலை 29ஆம் திகதியிட்ட அந்தக் கடிதங்களில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவமும் பயன்படுத்த விடக்கூடாது என்பது ஒன்று. எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலையை இரு நாடுகளும் கூட்டாகச் செய்யும் என்பது மற்றது. அமெரிக்கச் சார்பு என்று பேரெடுத்த ஒரு கொழும்பு அரசு இந்தத் துறைமுகத்தை யாருக்குத் திறந்துவிடுமோ என்ற பயம் டில்லிக்கு இருந்தது. நம் மக்களின் உரிமை எழுதப்பட்ட அதே நாளில், அதே மேசையில், நம் ஊர்த் தாங்கிகளும் எழுதப்பட்டன. உரிமைப் பக்கம் எவ்வளவு நிறைவேறியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதன்பின் 2003இல் இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2022 ஜனவரியில் புதிய பங்கீடு நடந்தது: 14 தாங்கி ஐ.ஓ.சி.க்கு, 24 தாங்கி நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிகுதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம். இந்தப் பங்கீடு மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்தான காலத்தைப் பாருங்கள். கைவசம் டொலர் தீர்ந்துகொண்டிருந்த மாதம் அது. அடுத்த மாதமே எரிபொருள் வாங்க 50 கோடி டொலர் கடனை இந்தியா கொடுத்தது. முப்பத்தைந்து வருடம் இழுபட்ட பேச்சு அந்த நேரத்தில் முடிந்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சேமிப்பும் கையிருப்பும் உள்ள நாடு ஆறுதலாகப் பேரம் பேசும். நாளைக்குப் பெற்றோல் இல்லை என்ற நிலையில் இருக்கும் நாடு கொடுக்கும் தாளில் கையெழுத்து வைக்கும்.

இலங்கைக்குத் தந்த உதவியை எண்ணெய்க்காக அமெரிக்கா நிறுத்தியதாக அப்பா சொல்வார். உண்மையா? (கொழும்பு, வெள்ளவத்தை)

உண்மை. நம் நாட்டில் மிகக் குறைவாகப் பேசப்படும் வரலாறு இது, அப்பாவுக்கு என் வணக்கம்.

1950களில் இங்கே எண்ணெய் விற்றவை ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ என்ற மூன்று மேற்கு நாட்டுக் கம்பனிகள். விலையை அவையே சொல்லும். சோவியத் ஒன்றியமும் ருமேனியாவும் எகிப்தும் குறைந்த விலைக்குத் தரத் தயாராக இருந்தன. ஆனால் அந்த எண்ணெயை இறக்கி வைக்கத் தாங்கி வேண்டும், விற்கப் பம்பு வேண்டும், அவை கம்பனிகளின் கையில் இருந்தன. சிறிமாவோ அரசு 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. 1962இல் அந்தக் கம்பனிகளின் தாங்கிகளிலும் நிரப்பு நிலையங்களிலும் ஒரு பகுதியைச் சுவீகரித்தது. நட்டஈட்டுத் தொகையில் பிணக்கு வந்தது. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா பொருளாதார உதவியை நிறுத்தியது. அமெரிக்கக் கம்பனியின் சொத்தை எடுத்துவிட்டு உரிய நட்டஈடு கொடுக்காத நாட்டுக்கு உதவி இல்லை என்று அவர்களின் பாராளுமன்றமான காங்கிரஸ் முந்திய வருடம்தான் சட்டம் செய்திருந்தது. அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டிய நாடு நாம். 1965இல் டட்லி சேனநாயக்க அரசு வந்து நட்டஈட்டுக்கு உடன்பட்ட பிறகுதான் உதவி திரும்பியது.

இந்தச் சம்பவத்தில் நான் சிறிமாவோ பக்கம். நட்டஈட்டை வேளைக்கே பேசித் தீர்த்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் மலிவாக விற்பவனிடம் வாங்குகிற உரிமை ஏழை நாட்டுக்கு இருந்தே ஆகவேண்டும். 1952இல் சீனாவோடு செய்த இறப்பர் அரிசி ஒப்பந்தமும் இதே வகைதான். அமெரிக்கா முகம் சுளித்தது, நம் அடுப்பில் அரிசி வெந்தது.

தேயிலை கொடுத்து ஈரானின் எண்ணெய்க் கடனை அடைக்கிறோமாமே? இது என்ன கணக்கு? (ஹற்றன்)

சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியது. ஈரானின் மென்மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத இலேசான எண்ணெய்) அதற்கு நன்றாக ஒத்துப்போகும், வேறு நாட்டு எண்ணெயை நினைத்தபடி ஊற்றிவிட முடியாது. 2012இல் அமெரிக்கத் தடை இறுகியது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு வங்கி வழியாக டொலர் அனுப்ப வழியில்லை. 25 கோடி டொலர் கடன் அப்படியே நின்றது. அதைத் தேயிலையாகக் கொடுத்துக் கழிக்க 2021 டிசெம்பரில் உடன்பட்டார்கள், மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதிக்கு. ஓர் ஆலையை எந்த எண்ணெய்க்குக் கட்டினோம் என்ற பொறியியல் விஷயம், அரை நூற்றாண்டு கழித்தும் வெளிநாட்டு அமைச்சின் மேசையில் வந்து உட்காருகிறது. அந்தத் தேயிலையைக் கிள்ளிய தோட்டத் தொழிலாளியின் சம்பளம் மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் பேசப்படவில்லை என்ற உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு.

ரஷ்யா உக்ரேன் போரில் இந்தியா ஏன் எந்தப் பக்கமும் முழுதாகச் சேரவில்லை? (மட்டக்களப்பு)

போருக்கு முன் இந்தியா வாங்கிய மசகெண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம் அளவில்தான் இருந்தது. மேற்கு நாடுகள் விலகியதும் ரஷ்யா விலையைக் குறைத்தது, ஓரிரு வருடங்களில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றையும் தாண்டியது. மறுபுறம் ஜேர்மனி தனது எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிடம் வாங்கிக்கொண்டிருந்தது. போர் மூண்ட பிறகு வேறு வழி தேடப் பெரும் விலை கொடுத்தது. விற்பவர் பலராக இருந்தால் வாங்குபவர் நிமிர்ந்து நிற்கலாம், ஒருவரே என்றால் குனியத்தான் வேண்டும். ஆனால் இந்தியாவுக்கும் அது இலவசமாகக் கிடைக்கவில்லை. 2025 ஓகஸ்டில் அந்த எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்கள்மீது அமெரிக்கா மேலதிகமாக 25 சதவீத வரி போட்டது.

1973இல் ஜப்பானும் எண்ணெய்க்காக இப்படித் திரும்பியது. அரபு இஸ்ரேல் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்த சில வாரங்களில், ஆக்கிரமித்த நிலத்தைவிட்டு இஸ்ரேல் வெளியேற வேண்டும் என்று ஜப்பான் அறிவித்தது. அமெரிக்காவின் நெருங்கிய நண்பன் அது.

நெடுந்தீவு மின் திட்டத்தைச் சீனாவுக்குக் கொடுத்துப் பிறகு ஏன் மாற்றினார்கள்? (யாழ்ப்பாணம், தீவகம்)

நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தமிழ்நாட்டுக் கரைக்குக் கிட்ட இருப்பதால். இந்தியா ஆட்சேபித்தது, 2021இல் சீனக் கம்பனி விலகியது, பிறகு இந்தியா நன்கொடையாகச் செய்ய முன்வந்தது. உங்கள் வீட்டுக்கு எப்போது மின்சாரம் வரும் என்பது அந்த இழுபறியில் பின்னுக்குப் போனது. அதுதான் எனக்கு வேதனை.

எங்களுக்கு இதால் என்ன? பெரிய நாடுகள் வந்து போகுதுகள், மண்ணெண்ணெய் விலை மட்டும் ஏறுது. (திருகோணமலை, கடற்றொழிலாளர்)

அண்ணை, உங்கள் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுக்காரர் பலர் அன்று கடலுக்குப் போகாமல் வலையைக் கரையிலேயே போட்டார்கள். அதற்கு முன் ஜூன், ஜூலையில் ஓட்டோக்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் இரவிரவாக வரிசையில் படுத்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். கொழும்புக்கு வெளியே கப்பல் நின்றது, கொடுக்க டொலர் இல்லை. நம்மூரிலோ பத்து இலட்சம் கனமீற்றருக்கு மேல் கொள்ளக்கூடிய தாங்கிகளில் பெரும்பகுதி காடு மூடிக் கிடந்தது.

சம்பூரையும் சொல்ல வேண்டும். 2006இல் அந்தச் சனம் இடம்பெயர்ந்தது. அந்த மண்ணில் இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் கட்டுவதாக இருந்தது. ஊர்ச் சனம் எதிர்த்தது, 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம், 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் வந்தபோது தொடக்கி வைக்கப்பட்டது. அதே நாளில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கை செய்தன. நிலக்கரிச் சாம்பலைவிட வெயில் நல்லது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தாங்கிகள் திருத்தப்படுவதையும் வரவேற்கிறேன். நாட்டுக்குச் சில மாதக் கையிருப்பு இருந்தால் எந்த வெளிநாட்டிடமும் அவசரப்பட்டுத் தலையாட்டத் தேவையில்லை. ஆனால் அந்தக் கையிருப்பு நம்முடையதா, அல்லது அவர்களுடைய எண்ணெயை நாம் காவல் காக்கிறோமா என்பதைக் கேட்க வேண்டும்.

கேட்க வழி உண்டு. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் சங்கத்தில் ஒருவர் விண்ணப்பம் போடலாம், தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்று விஷயம் கேளுங்கள். திருத்தும் தாங்கிகளில் எத்தனை நாட்டின் அவசரக் கையிருப்புக்கு ஒதுக்கப்படும்? எரிசக்தி மையத்துக்கான எண்ணெய்க் குழாய்ப் பாதை எந்த ஊர்களால், எந்தக் கரையால் போகும், மீன்பிடித் தடை வலயம் வருமா? வேலைக்கு மாவட்டத்துப் பிள்ளைகளை எடுக்க ஏற்பாடு இருக்கிறதா? வரைவு எழுதுவது சிரமம் என்றால் இதழ் முகவரிக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.