வரலாறு படித்த பெண்ணுக்குக் கணக்குத் துறை சரிப்படுமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆடிட்டர், அக்கவுன்டன்ட் வேலைகள்மேல் அவளுக்கு ஒரு கண். "டெபிட், கிரெடிட்கூடத் தெரியாதவள் அங்கே போய் என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். அந்த வேலைகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பொதுப்பிரிவுக்கு 18 முதல் 27 வயது வரை, பிற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. அரசுக் கணக்கு என்பது கடைக் கணக்கு போன்றதல்ல. எந்தச் செலவு எந்தத் தலைப்பில் ஏறும், எந்த விதியின்கீழ் அனுமதி என்பதுதான் அங்கே பேச்சு. பி.காம். படித்தவர்களும் சேர்ந்த பிறகுதான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

என் கவலை வேறு. தேர்வெழுதுபவர்களிடம் எந்தப் பதவி முதலில் வேண்டும், எது அடுத்து என்று வரிசைப்படுத்தித் தரச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் சிஏஜி (அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அலுவலக ஆடிட்டர், சிஏஜி அலுவலக அக்கவுன்டன்ட், பாதுகாப்புக் கணக்குத் துறை ஆடிட்டர், மற்ற அமைச்சகங்களின் அக்கவுன்டன்ட் என்று தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சம்பள நிலைதான், அடிப்படை 29,200 ரூபாயில் தொடங்கும். எல்லாம் ஒன்றுதானே என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அந்தத் துறையின் வரலாறு தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு அது கைவந்த பாடமாயிற்றே!

1857 கிளர்ச்சிக்குப் பின் ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் மன்னராட்சிக்குக் கைமாறியது. கருவூலத்தில் கடன் ஏறிக் கிடந்தது. 1860இல் அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் இங்கே முதல் பட்ஜெட்டை வைத்து வருமான வரியையும் கொண்டுவந்தார். அதே ஆண்டு எட்வர்ட் டிரம்மண்ட் முதல் தலைமைத் தணிக்கையாளர் ஆனார்; இன்றைய சிஏஜி பதவியின் தொடக்கம் அதுதான். பணம் வாங்குகிறவர்கள் பதில் சொல்லவும் வேண்டும் என்ற ஏற்பாடு அப்படி வந்தது. 1919 சட்டம் அந்தப் பதவியை அரசின் பிடியிலிருந்து ஓரளவு விலக்கி வைத்தது. விடுதலைக்குப் பின் வி. நரஹரி ராவ் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அரசமைப்பின் 148ஆவது பிரிவு அதற்குத் தனி இடம் கொடுத்தது. அரசமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார் என்று அம்பேத்கர் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் பேசினார்.

ஆனால் ஒரு சிக்கல் நெடுங்காலம் நீடித்தது. கணக்கை எழுதியதும் சிஏஜி துறை, அதைச் சரிபார்த்ததும் அதே துறை. தன் துறையில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் அமைச்சகம் வெளியே கேட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1976இல் மத்திய அரசின் கணக்கைத் தணிக்கையிலிருந்து பிரித்து, நிதி அமைச்சகத்தின்கீழ் தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தை உருவாக்கினார்கள். அமைச்சகங்களுக்கு அவரவர் கணக்கு அலுவலகங்கள் வந்தன.

மாநிலக் கணக்கு மட்டும் அப்படிப் பிரியவில்லை. அதைத் தொகுப்பது இன்றும் சிஏஜியின்கீழ் உள்ள மாநிலக் கணக்காயர் (அக்கவுன்டன்ட் ஜெனரல், சுருக்கமாக ஏஜி) தான். ஆனால் 1984இல் அங்கேயும் கணக்குக்கு ஓர் அலுவலகம், தணிக்கைக்கு ஓர் அலுவலகம் என்று ஊழியர்களைப் பிரித்துவிட்டார்கள். சென்னையில் ஏஜி-டிஎம்எஸ் என்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறதே, அதில் வரும் 'ஏஜி' இந்த அலுவலகம்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஏஜி ஆபீஸ்ல இருந்து பென்ஷன் ஆர்டர் வரணும்" என்று எத்தனை நாள் காத்திருந்தார் என்று சொல்வார்.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வாருங்கள். சிஏஜியின்கீழ் அக்கவுன்டன்ட் என்றால் மாநிலக் கணக்கு, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி. பெரும்பாலும் ஒரே இருக்கை வேலை. அமைச்சகத்தில் அக்கவுன்டன்ட் என்றால் பில்லைப் பார்த்துப் பணம் விடுவிக்கும் இடம். சிஏஜியின்கீழ் ஆடிட்டர் என்றால் குழுவோடு ஊர் ஊராகப் போய் அலுவலகங்களின் கோப்புகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

பெண் பிள்ளையை வெளியூர் அனுப்புவதா என்று தயங்குவீர்கள். தயவுசெய்து அதற்காக ஆடிட்டரைக் கீழே தள்ளிவிடாதீர்கள். பழைய ஆவணத்தைப் படித்து, யார் எப்போது என்ன எழுதினார்கள், எது விடுபட்டது என்று கேட்கப் பழகியவள் அவள். தணிக்கைக்கு வேண்டியதும் அதுதான். உள்ளே போனபின் எஸ்ஏஎஸ் என்ற துறைத் தேர்வில் தேறினால் உதவித் தணிக்கை அலுவலர் ஆகலாம். வயது இருக்கும்வரை குடிமைப் பணித் தேர்வையும் எழுதலாம். இந்தியத் தணிக்கை, கணக்குப் பணி என்ற உயர்பணிக்கு நேரடி வழி அதுதான்.

இந்த வாரம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். சிஏஜி இணையதளத்தில் தமிழ்நாடு பற்றிய தணிக்கை அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து இருபது பக்கம் படிக்கட்டும். பிடித்திருந்தால் ஆடிட்டரை முதலில் போடட்டும். சலிப்புத் தட்டினால் அக்கவுன்டன்ட். எதுவானாலும் அவளே எனக்கு எழுதட்டும், கணிதப் பகுதிக்கு எப்படிப் படிப்பது என்று அப்புறம் பேசிக்கொள்வோம்.