கடத்தலே நாடகம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வாட்ஸாப் குழு அட்மின் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலையாக, கடத்தப்பட்டதாகச் சொன்னவரின் வீட்டு முகவரியை யாரோ போட்டிருக்கிறார்களே, அதை நீக்குங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். அடுத்தவர் போட்ட பதிவையும் அட்மின் அழிக்க முடியும். பதிவை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் நீக்கு என்று கொடுத்தால் போதும். அப்படியே குழு அமைப்புகளில் போய், அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று இரண்டு நாளைக்கு மாற்றி வையுங்கள். திட்டு வரும். வரட்டும்.

மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் குழு ஒன்றில் ஒருவர் கடத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆட்கள் இரவெல்லாம் காரில் தேடினார்கள், கோயிலில் பிரார்த்தனை வைத்தார்கள், சிலர் குடும்பத்துக்குப் பணமும் அனுப்பினார்கள். இரண்டாம் நாள் அவர் வந்துவிட்டார். இப்போது எல்லாம் அவரே ஆடிய நாடகம் என்று வாய்ஸ் நோட் சுற்றுகிறது, முகவரியும் வெளியே வந்துவிட்டது.

ஊர் இவ்வளவு கொதிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த நாட்டில் 2023-24 நிதியாண்டில் போலீஸில் பதிவான கடத்தல் வழக்குகள் 17,000க்கு மேல். கார் பறிப்பு, கொள்ளை நடக்கும்போது ஆளையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சில மணி நேரத்தில் எங்காவது இறக்கிவிடுகிற வகைதான் அதில் அதிகம். பணம் கேட்டுப் பிடித்துவைப்பது சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கில் இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச, சோமாலிய வியாபாரக் குடும்பங்கள் திரும்பத் திரும்ப அடிபடுகின்றன. 2021 அக்டோபரில் பொலக்வானே நகரில் பள்ளிக்குப் போகும் வழியில் நான்கு சகோதரர்கள் கடத்தப்பட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் வீடு திரும்பினார்கள். அதனால் நம் தெருவில் ஒரு செய்தி வந்தால் அது யாருக்கோ நடந்ததாகத் தோன்றாது, நம் வீட்டுக்கே வந்ததாகத்தான் தோன்றும். அப்படிப் பயந்தவர்களுக்கு, பயந்தது வீண் என்று கேட்டதும் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து சாட்சியத்தை எடைபோடப் பார்ப்பதில்தான் சிக்கல்.

குழுவில் 'ஆதாரம்' என்று வருவனவற்றில் ஆளை அதிகம் ஏமாற்றுவது சிசிடிவி நேரம். "நாலு மணிக்குத் தூக்கினார்களாம், நாலு இருபதுக்கு மால் வாசலில் நிற்கிறார் பாருங்கள்" என்று ஒரு துண்டு வீடியோ வரும். வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் கேமரா காட்சியைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிகள் பல, இணையத்தோடு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வதில்லை. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருந்தால், லோட் ஷெடிங்கில் கரன்ட் போய் வந்ததும் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். அதைப் பார்த்து யாராவது கையால் நேரம் வைக்கும்போது பத்து இருபது நிமிடம் முன்பின் ஆவது சர்வசாதாரணம். ஆக, உங்களிடம் காட்சி இருக்கிறது என்றால், பெட்டியின் திரையும் உங்கள் போனின் கடிகாரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். காட்சியைப் பெட்டியிலிருந்தே யுஎஸ்பியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திரையைப் போனில் படம்பிடித்ததும், வாட்ஸாப்பில் போய் வந்ததும் முகம் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோகும். மூலக் கோப்பில் இருக்கும் தகவலும் கூட வராது. நாள் கடத்தவும் கூடாது, வட்டு நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியது பதிவாகும். சின்ன வட்டு என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்தது, "வந்ததிலிருந்து வாயே திறக்க மாட்டேன் என்கிறார்கள்" என்பது. விசாரணை நடக்கும்போது வெளியே பேசாதீர்கள் என்று போலீஸே சொல்லும். பணம் கொடுத்து மீட்ட குடும்பம் என்றால், கடத்தியவர்களுக்கு வீடு தெரியும், பிள்ளைகள் படிக்கும் பள்ளி தெரியும். யார் வாய் திறப்பார்கள்? நேரத்தை மாற்றி மாற்றிச் சொல்வதும் அப்படித்தான். கண்ணைக் கட்டி இருட்டில் வைத்திருந்த ஆளுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்ற கணக்கே இருக்காது, எது முதலில் நடந்தது என்பதும் குழம்பும். அடி விழாததும், அழாததும், கேமராவைப் பார்த்துச் சிரித்ததும் எதையும் நிரூபிக்காது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. காணவில்லை போஸ்டரில் குடும்பத்தின் சொந்த நம்பரைப் போட்டதும், சம்பந்தமே இல்லாத மோசடிக்காரன் கூப்பிடுவான். "உங்கள் ஆள் என்னிடம் இருக்கிறார், இப்போதே இ-வாலட்டில் பணம் போடு" என்பான். இ-வாலட், கேஷ்செண்ட் போன்ற வசதிகளில் கார்டே வேண்டாம், போனுக்கு வரும் எண்ணை வைத்து ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போய்விடலாம், எடுத்தபின் திரும்பாது. பிறகு அந்த நம்பர் டுபாக்கூர் என்று தெரிந்ததும், "பார்த்தாயா, கடத்தலே பொய்" என்று ஊர் முடிவுகட்டும். பணம் கேட்டவன் பொய்யன் என்பதற்காக ஆள் காணாமற்போனது பொய்யாகிவிடாது. இதனால்தான் போஸ்டரில் விசாரணை அதிகாரியின் நம்பரோ காவல் நிலைய நம்பரோ இருக்க வேண்டும். ஆளைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்பவனிடம், அந்த ஆளுக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லிப் போலீஸ் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பதும் இதற்காகத்தான். அந்தப் பதில் ஃபேஸ்புக்கில் கிடைக்காததாக இருக்க வேண்டும். நாய்க்குட்டியின் பெயரெல்லாம் உதவாது.

நாடகமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வேறு சரக்கு. 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவில் சம்மன் வாங்கி, போன் கம்பெனியிடமிருந்து அழைப்புப் பட்டியலும் டவர் விவரமும் எடுப்பார்கள், வங்கிக் கணக்கும் எடுப்பார்கள். பணம் எடுத்த ஏடிஎம்மின் கேமரா, காரின் டிராக்கர் பதிவு, நம்பர் பிளேட் படிக்கும் சாலைக் கேமராக்கள், டாக்ஸி ஆப்பில் போன பயணங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். டவர் விவரம் ஒரு பகுதியைத்தான் காட்டும், வீட்டு வாசலைக் காட்டாது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று பேசுகிற வாய்ஸ் நோட்டிடம் இதில் ஒன்றுகூட இருக்க வழியில்லை.

போலீஸே அவசரப்பட்டாலும் தப்பாகும். 2015 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் வல்லேஹோ நகரில் ஒரு பெண்ணை வீடு புகுந்து கடத்தினார்கள். இரண்டு நாள் கழித்து அவர் தெற்கே பெற்றோர் வீட்டருகே விடப்பட்டதும், இது கட்டுக்கதை போலிருக்கிறது என்று நகரப் போலீஸே பத்திரிகையாளர்களிடம் சொன்னது. நாடே சிரித்தது. அதே ஆண்டு ஜூனில் இன்னொரு வீட்டில் புகுந்த ஆளைப் பிடித்தபோது உண்மை வெளிப்பட்டது. 2017இல் அவனுக்கு 40 ஆண்டு தண்டனை. மறு ஆண்டு அந்தப் பெண்ணுக்கும் அவருடைய துணைவருக்கும் 25 லட்சம் டாலர் கொடுத்து நகரம் வழக்கை முடித்துக்கொண்டது.

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் டியூஸ்பரியில் 2008 பிப்ரவரியில் ஒன்பது வயதுச் சிறுமி காணாமற்போனாள். அக்கம்பக்கத்தார் வேலையை விட்டுத் தேடினார்கள், 50,000 பவுண்ட் பரிசு அறிவிக்கப்பட்டது. 24ஆம் நாள் ஒரு கட்டிலின் அடிப்பெட்டியில் உயிரோடு கிடைத்தாள்; அந்தப் பரிசுக்காகத் திட்டம் போட்டவர்களில் பெற்ற தாயும் ஒருத்தி. அவளுக்கு 8 ஆண்டு சிறை, போலீஸுக்கு ஆன செலவு 32 லட்சம் பவுண்ட். கலிஃபோர்னியாவின் ரெடிங்கில் 2016இல் ஓட்டப்பயிற்சிக்குப் போன பெண் 22 நாள் கழித்து வந்து, லத்தீன் அமெரிக்கப் பெண்கள் இருவர் கடத்தியதாகச் சொன்னார். உண்மையில் அவர் பழைய காதலன் வீட்டில் இருந்தார்; உடையில் கிடைத்த டிஎன்ஏவை வைத்து அந்தக் காதலனைக் கண்டுபிடிக்கவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறை பெற்றார். இடைப்பட்ட காலமெல்லாம் அந்த ஊரில் சந்தேகப் பார்வையைச் சுமந்தது இல்லாத அந்த இரண்டு பெண்களின் இனத்தவர்.

அந்தக் கடைசி விஷயத்தை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கே வரும் அறிவிப்புகளில் "கறுப்பின ஆண்கள் இரண்டு பேர், வெள்ளை கார்" என்று அடையாளம் இருக்கும். டர்பனில் ஆளைப் பிடிக்க அது உதவாது, வழியில் போகிறவனைப் பிடித்து அடிக்க நன்றாகவே உதவும். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும், அந்த வாரம் வாய்ஸ் நோட்டுகள் செய்த வேலையையும் இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கதை பொய் என்று ஊர் முடிவுகட்டும்போது கதை சொன்னவரைத் திட்டுகிறதே ஒழிய, அந்த அடையாளத்தைத் திரும்பப் பெற யாருக்கும் தோன்றுவதில்லை. அதை அட்மின்தான் செய்ய வேண்டும். இன்றே இப்படிப் போடுங்கள்:

"இந்தத் தேதியில் நம் குழுவில் வந்த தேடுதல் அறிவிப்பு முடிந்தது. அவர் பத்திரமாக இருக்கிறார். வழக்கு விசாரணையில் உள்ளது. போஸ்டரையும், அதிலிருந்த கார், ஆட்கள் பற்றிய அடையாளத்தையும் யாரும் இனி பகிர வேண்டாம். எதாவது தெரிந்தவர்கள் விசாரணை அதிகாரியிடமோ 08600 10111 என்ற கிரைம் ஸ்டாப் எண்ணிலோ சொல்லவும். பெயர் சொல்லத் தேவையில்லை."

பொய் என்றோ உண்மை என்றோ அதில் ஒரு சொல்கூட வேண்டாம்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொய் சொல்லியிருந்தால் அவர்மேல் என்னென்ன வரலாம்: பிரமாண வாக்குமூலத்தில் பொய் சொன்னது, நீதியின் போக்கைத் தடுத்தது, வீட்டாரிடமே பணம் கேட்டிருந்தால் மோசடி அல்லது மிரட்டிப் பணம் பறித்தல். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வார இறுதி குறுக்கிட்டால் அடுத்த வேலை நாள். கைது என்பது தீர்ப்பு இல்லை. குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுவதும் உண்டு. குழுவுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. பணம் பறித்தல் குற்றச்சாட்டு என்றால், அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று சொல்லும்வரை அது பற்றிய தகவலை வெளியிட அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு தடை போடுகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அதில் பாதிக்கப்பட்டவராக இருந்தால் அடையாளத்தை வெளியிடவே கூடாது; அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை உறுதி செய்தது, 18 வயது தாண்டியபின்னும் அது தொடரும். அவதூறு வழக்கிலோ, "நான் ஃபார்வர்ட்தான் செய்தேன்" என்பது செல்லாது. உண்மையையே சொல்லியிருந்தாலும், பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். 2013இல் பிரிட்டோரியா நீதிமன்றம், ஃபேஸ்புக் பதிவில் டேக் செய்யப்பட்டு, தெரிந்தும் சும்மா இருந்தவரையும் சேர்த்து 40,000 ராண்ட் நஷ்டஈடு கொடுக்க வைத்தது. வீட்டுக்குப் போய்க் கொளுத்துவோம், அடிப்போம் என்கிற வாய்ஸ் நோட், 2020ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்குள்ளேயே வந்துவிடும்.

பணம் அனுப்பியவர்கள் பரிமாற்றச் சான்றையும், பணம் கேட்ட பதிவின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதி தெரிய வைத்துக்கொள்ளட்டும். நாடகம் என்று வழக்கு உறுதியானால் அவர்களே புகார்தாரர்கள். அதுவரை குடும்பத்தின் வாசலில் போய் நின்று திருப்பிக் கேட்பது, போலீஸ் கேட்டால் உங்களைத்தான் மிரட்டியவர்கள் ஆக்கும்.

அடுத்த அறிவிப்பு வரும்போது, வரத்தான் போகிறது, கேஸ் நம்பர் இல்லாமல் ஏற்காதீர்கள். காவல் நிலையத்தின் பெயர், வரிசை எண், மாதம், ஆண்டு என்று அது இருக்கும். நிலையத்துக்குப் போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கலாம். "24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்களாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு விதியே இல்லை, உடனே போகலாம். சமீபத்திய போட்டோ, கடைசியாகப் பார்த்த இடம், உடுத்தியிருந்த உடை, மருந்து சாப்பிடுபவர் என்றால் அதன் விவரம் இவற்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். புகார் கொடுப்பவரிடம் எஸ்ஏபிஎஸ் 55ஏ என்ற போலீஸ் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். போட்டோவையும் விவரத்தையும் வெளியிட அதுதான் அனுமதி. பொய்ப் புகாரிலிருந்து போலீஸுக்குப் பாதுகாப்பும் அதுதான். அதில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று குடும்பத்திடம் கேட்பதில் தவறே இல்லை. போஸ்டர் செய்பவரிடம், தேதியையும் கேஸ் நம்பரையும் படத்துக்கு மேலேயே எழுதச் சொல்லுங்கள், கீழே தனியாக டைப் செய்தால் முதல் ஃபார்வர்டிலேயே அது கழன்று படம் மட்டும் மூன்று வருடம் சுற்றும்.