ரீஃபண்ட் வந்துவிட்டது, வட்டி எங்கே?

கேள்வி: ஐயா, தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து 2023 டிசம்பரில் ஓய்வு பெற்றேன். விடுப்புச் சம்பளத்துக்கு 25 லட்சம் வரை வரிவிலக்கு உண்டு என்பதைக் கவனிக்காமல் நிறுவனம் சம்பளத்திலேயே டிடிஎஸ் வரி பிடித்துவிட்டது. புதிய வரி முறையில் 2024 ஜூலை 29 அன்று ரிட்டர்ன் போட்டு 62,480 ரூபாய் ரீஃபண்ட் கேட்டேன். செப்டம்பர் 10-ல் இ-வெரிஃபை செய்தேன். 2025 நவம்பர் 14-ல் வருமான வரித் துறையின் இன்டிமேஷன் (ரிட்டர்னைப் பரிசீலித்த முடிவு) வந்தது. வங்கிக் கணக்கு வேலிடேட் ஆகவில்லை என்று பணம் திரும்பிப் போய்விட்டது. ஜனவரி 6-ல் அதைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பித்து, மார்ச் 18-ல் 61,785 ரூபாய் வந்தது. 24 மாத வட்டியோடு 69,968 வரவேண்டும் என்கிறார் என் மைத்துனர். துறை மீது வழக்குப் போடலாமா? மன உளைச்சலுக்கு நஷ்டஈடு உண்டா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் மைத்துனர் சொன்னது பொதுவாகச் சரிதான். வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 244ஏ-யின்படி ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி. நாம் கேட்காமலே துறை சேர்த்துத் தர வேண்டியது அது. டிடிஎஸ் பணம் என்றால் மதிப்பீட்டு ஆண்டின், அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின், ஏப்ரல் 1 முதல் கணக்கு ஓடும். ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டவருக்குத்தான் அந்தச் சலுகை.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே போட்டுவிட்டேனே என்பீர்கள். போட்ட 30 நாளுக்குள் வெரிஃபை செய்திருந்தால் அந்த ஜூலை 29 நின்றிருக்கும். நீங்கள் ஆகஸ்ட் 28-ஐத் தாண்டிவிட்டதால், சட்டத்தின் கண்ணில் உங்கள் ரிட்டர்ன் செப்டம்பர் 10-ல்தான் பிறந்தது. அதாவது தாமத ரிட்டர்ன். அதனால்தான் பிரிவு 234எஃப் தாமதக் கட்டணம் 5,000 கழிந்து ரீஃபண்ட் 57,480 ஆனது. வட்டியும் செப்டம்பரில் தொடங்கியது. பழைய முறையில் 80சி, வீட்டுக்கடன் என்று கழிவுகள் கேட்டிருந்தால் அவையும் போயிருக்கும். அந்த வகையில் தப்பித்தீர்கள்.

இன்டிமேஷனில் 244ஏ வட்டி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். நூறுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு 57,400-க்கு அரை சதவீதம் என்றால் மாதம் 287. மாதத்தில் ஒரு நாள் வந்தாலும் முழு மாதம். செப்டம்பர் 10 முதல் நவம்பர் 14 வரை 15 மாதம், 4,305 ரூபாய். உங்களுக்கு வந்த 61,785-க்குக் கணக்கு சரியாக உட்காருகிறது.

இங்கேதான் துறையின் பிழை இருக்கிறது. வட்டி, ரீஃபண்ட் வழங்கும் நாள் வரை ஓட வேண்டும். இன்டிமேஷன் தேதியோடு நிற்கக்கூடாது. நவம்பர் முதல் ஜனவரி 6 வரையிலான தாமதம் உங்களால் வந்தது என்று 244ஏ(2)-ன் கீழ் கழிப்பார்கள், அதில் வாதாடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் வங்கிக் கணக்கைச் சரிசெய்த பிறகு மார்ச் 18 வரை பணத்தை வைத்திருந்தது அவர்கள்தான். இரண்டு மாதம் என்று வைத்தாலும் 574 ரூபாய்.

574 ரூபாய்க்கு உயர் நீதிமன்றம் போங்கள் என்று எழுதினால் என் சக வக்கீல்களே சிரிப்பார்கள். போர்ட்டலில் கிரீவன்ஸ் பகுதியில் ரீஃபண்ட் என்ற தலைப்பில், மேலே உள்ள தேதிகளையும் மறு விண்ணப்ப எண்ணையும் போட்டு ஒரு பத்தி எழுதுங்கள். ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையமான சிபிசி மழுப்பினால் பிரிவு 154-ல் திருத்த மனு. இன்டிமேஷன் வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. இரண்டுக்கும் செலவில்லை. இதே பிரச்சினை பல லட்ச ரூபாய் ரீஃபண்டில் வந்து, மனுவுக்கும் பதில் இல்லாமல் கிடந்தால், அப்போது ரிட் மனு பற்றி யோசிக்கலாம்.

நஷ்டஈடு கிடையாது. 2006-ல் சாண்ட்விக் ஏசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுக்கு மீறிய தாமதத்துக்கு ஈடு கொடுக்கச் சொன்னதை வைத்துப் பலர் வட்டிக்கு வட்டி கேட்டுப் பார்த்தார்கள். 2013-ல் குஜராத் ஃப்ளூரோ கெமிக்கல்ஸ் வழக்கில், சட்டத்தில் சொல்லியிருக்கும் வட்டி மட்டுமே, அதற்கு மேல் இல்லை என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்தாலும் உங்கள் ஆண்டுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும்.

அப்புறம், ரீஃபண்ட் அசலுக்கு வரி கிடையாது, வட்டிக்கு உண்டு. மார்ச்சில் வந்த அந்த 4,305 ரூபாயை இந்த ஜூலையில் போடும் ரிட்டர்னில் இதர வருமானத்தில் காட்டிவிடுங்கள். போட்ட கையோடு ஆதார் ஓடிபியையும் அடித்துவிடுங்கள்.