உதவித்தொகை எந்தக் கணக்கில் வந்து விழும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அரசு தரும் பணத்தை வெளிநாட்டு வங்கிக் கணக்கிலோ, கிளையே இல்லாத ஆன்லைன் வங்கியிலோ வாங்கலாமா? நாட்டுக்கு நாடு விதி மாறும். எழுதியவர் எங்கே இருக்கிறாரோ அந்த நாட்டு விதியை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறேன். குழந்தை பிறந்ததும் எல்ட்டர்ன்கெல்டுக்கு (பெற்றோருக்கான அரசு உதவித்தொகை) விண்ணப்பித்தேன். என் கணக்கு ஓர் ஆன்லைன் வங்கியில் இருக்கிறது. அதன் ஐபான், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண், லித்துவேனியாவுக்கு உரிய 'எல்.டி.' என்ற எழுத்துகளில் தொடங்கும். 'ஜெர்மன் கணக்கு எண் தாருங்கள்' என்று அலுவலகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. புதிதாகக் கணக்கு தொடங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை, அம்மா. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. யூரோப் பணப் பரிமாற்றத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 260/2012 ஒழுங்குமுறையில் 9வது பிரிவைப் பாருங்கள். பணம் அனுப்புகிறவர், வாங்குகிறவரின் கணக்கு இன்ன உறுப்பு நாட்டில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. இது தனியார் நிறுவனத்துக்கு மட்டும் அல்ல, அரசு அலுவலகத்துக்கும் பொருந்தும். ஜெர்மனியின் சமூகச் சட்டத் தொகுப்பு, முதல் நூல், 47வது பிரிவும் இதே ஒழுங்குமுறையை எண்ணோடு குறிப்பிடுகிறது. அது பொருந்தும் எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், உங்களுக்குச் செலவு வைக்காமல் பணத்தை அனுப்ப வேண்டும் என்கிறது.

பிறகு ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? பல நேரம் கோளாறு படிவத்தில்தான். ஜெர்மன் ஐபானில் எழுத்தும் இலக்கமுமாக 22 இருக்கும். லித்துவேனிய ஐபானில் 20தான். சில படிவங்களில் ஜெர்மனிக்குரிய இரண்டு எழுத்துகளையும் முன்கூட்டியே அச்சடித்து, அதற்கு அப்புறம் இருபது கட்டம் போட்டிருப்பார்கள். உங்கள் எண்ணை அதில் எப்படி எழுதினாலும் பொருந்தாது. அதைப் பார்க்கும் ஊழியர் எண்ணே தவறு என்று முடிவு செய்துவிடுகிறார்.

தொலைபேசியில் வாதாட வேண்டாம், எழுத்தில் பதில் அனுப்புங்கள். மேலே சொன்ன இரண்டு பிரிவுகளையும் எண்ணோடு எழுதி, உங்கள் பெயரும் ஐபானும் உள்ள வங்கி உறுதிச் சான்றை இணையுங்கள். மறுப்பதாக இருந்தால் எந்தச் சட்டப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முறையான மறுப்பு முடிவு கைக்கு வந்துவிட்டால், ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் போட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். இதற்கிடையே வீட்டுச் செலவுக்கே வழியில்லை என்றால், சண்டையை விடாமல் நடத்திக்கொண்டே தற்காலிகமாக ஒரு ஜெர்மன் எண்ணைக் கொடுங்கள். அதனால் உங்கள் உரிமை போய்விடாது.

மற்ற வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. சுவிட்சர்லாந்து, பிரிட்டன் வங்கிகளும் அதே யூரோப் பரிமாற்ற முறையில் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால், அங்குள்ள கணக்கை இந்த 9வது பிரிவின் பலத்தில் ஏற்கச் சொல்ல முடியாது.

கேள்வி: பிரிட்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) பணத்தை இப்போதைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் கணக்கில் போடச் சொல்லலாமா?

வேண்டாம். உங்கள் பெயரில் கணக்கு தொடங்குங்கள்.

கேள்வி: நான் பயன்படுத்துவது ஓர் ஆப். அட்டை தருகிறது, கணக்கு எண் தருகிறது, பணம் ஒரு நாள் முன்னாலேயே வரும் என்று விளம்பரம் செய்கிறது. என் மாதாந்திர உதவித்தொகை முழுவதையும் அதற்கு மாற்றலாமா? பிரிட்டனில் இருக்கிறேன்.

முதலில் அது வங்கியா என்று பாருங்கள். அட்டையும் கணக்கு எண்ணும் தருவதால் மட்டும் ஒன்று வங்கி ஆகிவிடாது. ஆப் மட்டுமே வைத்து நடத்துகிறவர்களில் முழு வங்கி உரிமம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், வங்கி உரிமம் இல்லாமல் பணத்தை மின்வடிவில் வைத்துத் தரும் மின்பண நிறுவனங்களும் இருக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். உரிமம் உள்ள வங்கி திவாலானால், நிதிச் சேவைகள் இழப்பீட்டுத் திட்டம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,20,000 பவுண்டு வரை ஈடு தரும். (2025 டிசம்பர் 1 முதல் இந்த வரம்பு, அதற்கு முன் 85,000.) மின்பண நிறுவனத்துக்கு அந்தக் காப்பு இல்லை. வாடிக்கையாளர் பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும்தான் உண்டு. ஒதுக்கி வைத்த பணம் பத்திரமாகவே இருந்தாலும், உரிய நாளில் உங்கள் கைக்கு வரும் என்பதற்கு அந்த விதியில் உறுதி கிடையாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனத்தில் 190 கோடி யூரோ கணக்கில் காணவில்லை என்று வெளியே வந்தது. அதன் பிரிட்டன் கிளை நிறுவனத்தின் வேலையை நிறுத்தும்படி ஜூன் 26 அன்று பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பான நிதி நடத்தை ஆணையம் உத்தரவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. பலர் பெயரே கேட்டிராத அந்த நிறுவனத்தின் மேல்தான் பல ஆப்களும் அட்டைகளும் நின்றிருந்தன. வார இறுதி முழுக்க அட்டை வேலை செய்யவில்லை. அடுத்த செவ்வாய்க்குள் தடையை நீக்கிவிட்டார்கள். ஆனால் உதவித்தொகையை மட்டுமே நம்பி இருக்கிறவருக்கு அந்த நாலைந்து நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை இதைவிட மோசமாகப் போனது. ஆப்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே கணக்கு எழுதிக்கொண்டிருந்த சினாப்ஸ் என்ற நிறுவனம் 2024 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. மே மாதம் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்குகள் முடங்கின. யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று கூட்டிப் பார்த்தபோது ஆறரைக் கோடி டாலருக்கு மேல், ஒருவேளை ஒன்பதரைக் கோடிக்கும் மேல், குறைகிறது என்றார் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர். வைப்புக் காப்பீடு உண்டு என்று நம்பித்தான் எல்லோரும் பணம் போட்டிருந்தார்கள். அந்தக் காப்பீடு வங்கி விழுந்தால்தான் கைகொடுக்கும். இங்கே விழுந்தது வங்கி இல்லையே.

எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. ஓர் ஆப் கணக்கின் கட்டணத் திட்டத்தை முழு ஆண்டுக்கு வாங்கினேன். உலோக அட்டை, முன்னுரிமை உதவி என்றெல்லாம் சொன்னார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த பின், பழைய ஆவணம் காலாவதி ஆகிவிட்டது என்று கணக்கைப் பூட்டினார்கள். புதியதைப் படம் எடுத்து அனுப்பினால், 'எங்கள் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது' என்ற அதே வரி அரட்டைப் பெட்டியில் திரும்பத் திரும்ப வந்தது. பேசுவதற்கு ஒரு மனிதர் இல்லை, கூப்பிட ஒரு எண் இல்லை. எனக்கு வேறு வங்கியில் சம்பளம் வந்துகொண்டிருந்தது, சமாளித்துவிட்டேன். வாடகையும் சாப்பாடும் அந்த ஒரு வரவை நம்பியே இருக்கிற வீட்டில் என்ன செய்வார்கள்? ஏழைகளைத் தேடித் தேடி விளம்பரம் செய்கிற நிறுவனங்கள், கணக்கைப் பூட்டும் நாளில் ஒரு தொலைபேசி எண்ணைக்கூடக் கொடுக்காமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடையாளம் சரிபார்ப்பது அவர்கள் கடமை, அதில் எனக்குக் குறை இல்லை. சரிபார்த்து முடிக்கும் வரை உணவுக்கு ஆகும் தொகையையாவது விடுவிக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அமைப்புகள் சட்டமாக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் சட்டப்படியான பெயரைத் தேடுங்கள். ஆப்பின் பெயர் வேறாக இருக்கும். சட்டப் பெயர் விதிமுறைகளின் கடைசியில் சின்ன எழுத்தில் கிடக்கும். வங்கி என்று இருந்தால் மாற்றலாம். மின்பண நிறுவனம் என்று இருந்தால் உதவித்தொகை வேறு வங்கிக்கு வரட்டும், செலவுக்கு வேண்டியதை மட்டும் ஆப்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்னால் பணம் வருகிறது என்பதற்காக முழுத் தொகையையும் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கேள்வி: யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிறேன். சேமிப்பை வெளிநாட்டுக் கணக்கில் வைத்தால் இவர்களுக்குத் தெரியாது என்கிறார் நண்பர். உண்மையா?

பொய். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் வங்கிக் கணக்குத் தகவல்களை ஒன்றோடொன்று தானாகவே பரிமாறிக்கொள்கின்றன. 2017 முதல் இது நடக்கிறது. யூனிவர்சல் கிரெடிட்டுக்குச் சேமிப்பு எந்த நாட்டில் இருந்தாலும் கணக்கில் வரும். 6,000 பவுண்டுக்கு மேல் போனால், ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானமாகக் கருதிக் குறைப்பார்கள். 16,000 தாண்டினால் பொதுவாக உதவியே கிடையாது. மறைத்து வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், வழக்கும் வரலாம். அப்போது இந்த நண்பர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

கேள்வி: பிரான்சில் இருக்கிறேன். உதவித்தொகை வருவது ஜெர்மன் ஆன்லைன் வங்கிக் கணக்குக்கு. வரிக் கணக்கில் காட்ட வேண்டுமா?

கட்டாயம். படிவம் 3916. காட்டாவிட்டால் கணக்கு ஒன்றுக்கு 1,500 யூரோ அபராதம். அந்த ஆண்டில் மூடிவிட்ட கணக்கையும் எழுத வேண்டும்.

கேள்வி: பிரிட்டன். ஆன்லைன் வங்கியில் புதுக் கணக்கு வந்த உடனேயே பழையதை மூடிவிட்டேன். உதவித்தொகை அலுவலகத்துக்குப் புது எண்ணைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த மாதப் பணம் எங்கே?

மூடிய கணக்குக்குப் போய், அனுப்பியவர்களிடமே திரும்பியிருக்கும். இன்றே அலுவலகத்தை அழைத்துப் புது எண்ணைக் கொடுத்து, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். தம்பி, புது எண்ணில் முதல் பணம் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதானே பழையதை மூட வேண்டும்? பிரிட்டனில் இதற்கென்றே நடப்புக் கணக்கு மாற்றுச் சேவை 2013 முதல் இருக்கிறது. ஏழு வேலை நாளில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்து, பழைய எண்ணுக்கு வரும் பணத்தையும் மூன்று ஆண்டு வரை புதியதற்குத் திருப்பிவிடும். இலவசம்தான். அதைக் கேட்காமல் நீங்களே போய் மூடினால் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

கேள்வி: பிரான்சில் அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. நிலையான முகவரி இல்லை. போன வங்கியெல்லாம் கணக்கு தர மறுக்கிறது.

ஐயா, உங்களை அலைக்கழித்திருக்கிறார்கள். 2014/92 என்ற ஐரோப்பிய ஆணையின்படி, சட்டப்படி ஒன்றியத்தில் இருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்குக்கு உரிமை உண்டு. நிலையான முகவரி இல்லாதவர்களையும் தஞ்சம் கோருபவர்களையும் அந்த ஆணை பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அடுத்த முறை வாய்மொழி மறுப்போடு திரும்பி வராதீர்கள், மறுப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதோடு பிரான்ஸ் மத்திய வங்கியிடம் 'கணக்குக்கான உரிமை' நடைமுறையில் விண்ணப்பித்தால், ஒரு வங்கியை அவர்களே நியமிப்பார்கள். அந்த வங்கி உங்களுக்குக் கணக்கு திறந்தே ஆக வேண்டும்.

கேள்வி: பிரிட்டனில் உழைத்து ஓய்வுபெற்று இந்தியா திரும்பிவிட்டேன். அரசு ஓய்வூதியத்தை இங்குள்ள வங்கியில் வாங்குவது நல்லதா, பிரிட்டன் கணக்கிலேயே விடுவதா?

இரண்டுக்கும் அனுமதி உண்டு. இந்தியக் கணக்கு என்றால் ரூபாயாக மாறி வரும். எந்த நாளில் எந்த விலைக்கு மாற்றுவது என்பது உங்கள் கையில் இருக்காது. பிரிட்டன் கணக்கில் பவுண்டாகவே விழும், வேண்டும்போது நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டு முகவரி என்று தெரிந்ததும் சில பிரிட்டன் வங்கிகள் கணக்கை மூடிவிடுகின்றன. எனவே முடிவு செய்யும் முன் வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறையா, பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறையா என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மாதச் செலவு இதில்தான் நடக்கிறது என்றால் நான்கு வாரமே சரி.

கணக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வசிக்கும்வரை உங்கள் ஓய்வூதியத்துக்கு ஆண்டு உயர்வு கிடையாது. அத்தனை வருடம் காப்பீட்டுப் பங்களிப்பு கட்டியவரிடம், எங்கே போய் வசிக்கிறீர்கள் என்று பார்த்து உயர்வை நிறுத்துவது அநியாயம். ஆனாலும் இன்றைய விதி அதுதான், அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். உயிருடன் இருப்பதற்கான சான்றுப் படிவம் தபாலில் வந்தால் சாட்சிக் கையெழுத்தோடு உடனே திருப்பி அனுப்புங்கள். அது போய்ச் சேராவிட்டால் பணம் நின்றுபோகும்.

கேள்வி: என் அம்மாவுக்கு (பிரிட்டன், 71 வயது) உதவித்தொகை அலுவலகம் என்று சொல்லி ஒருவர் போன் செய்தார். 'உங்கள் வங்கி இனி செல்லாது, ஆன்லைன் கணக்கு ஒன்று ஒதுக்கியிருக்கிறோம், பழைய பணத்தை அங்கே மாற்றுங்கள்' என்றார். அம்மா சேமிப்பு முழுவதையும் அனுப்பிவிட்டார். வெட்கத்தில் யாரிடமும் சொல்ல விடமாட்டேன் என்கிறார்.

வெட்கப்பட வேண்டியவர் அந்தப் போன் செய்தவர். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: நாள் முழுக்க ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவன், அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி, வயதான ஒருவரை அவசரப்படுத்தியிருக்கிறான். இதில் அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை.

இப்போதே அம்மாவின் வங்கிக்கு 159 என்ற எண்ணில் அழையுங்கள். பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேராக இணைக்கும். 2024 அக்டோபர் 7 முதல் உள்ள விதிப்படி, இப்படி ஏமாந்து பிரிட்டனுக்குள் அனுப்பிய பணத்தை வங்கி 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். பொதுவாக ஐந்து வேலை நாளுக்குள் தர வேண்டும். விசாரணைக்காக அதை நீட்டிக்கவும் வங்கிக்கு உரிமை உண்டு. மிகக் கடுமையான அலட்சியம் என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்தால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. அம்மா வயதாலோ உடல்நலத்தாலோ இந்த மோசடியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தார் என்றால், அதை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். அந்த நிலையில் இருந்தவரிடம் அலட்சியம் என்ற காரணத்தைக் காட்ட முடியாது, 100 பவுண்டு வரை பிடித்தமும் செய்ய முடியாது. அழைத்த நேரம், பேசியவர் பெயர், குறிப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

வங்கி மறுத்தாலோ, எட்டு வாரத்தில் இறுதிப் பதில் தராவிட்டாலோ நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். ஏமாந்தவர்களின் எண்களை வைத்துக்கொண்டு மறுபடியும் அழைப்பார்கள்.