தர்மபுரியிலிருந்து போய் இமயமலையில் கைடோடு ஆறு நாள் நடக்க முடியுமா? நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு என்ன தயாரிப்பு வேண்டும்?

முடியும். நானும் என் மனைவியும் போனோம். எனக்கு அப்போது நாற்பத்தாறு, அவளுக்கு நாற்பத்திரண்டு. அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் பார்க்காமல் திரும்பினேன். உங்களுக்கு என் கதைதான் அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

நாங்கள் போனது ஹர் கி தூன். உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டத்தில் கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பள்ளத்தாக்கு, உயரம் 3,566 மீட்டர். 1955-ல் சரணாலயமாக அறிவித்த காடு அது. பனிச்சிறுத்தை வாழும் பகுதி. இங்கிருந்து பெங்களூரு, விமானத்தில் டில்லி, பிறகு டேராடூன். அங்கிருந்து ஜீப்பில் சங்க்ரி என்ற ஊருக்குக் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க மலைப்பாதை. வாந்தி வருகிறவர்கள் ஜன்னல் சீட்டுக்கு முன்கூட்டியே சண்டை போட்டுக்கொள்ளுங்கள். நைட்வார் சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், அதை நம்மைக் கூட்டிப்போகும் டிரெக்கிங் குழுவே பார்த்துக்கொள்ளும். சங்க்ரிக்கு அப்புறம் போன் எடுக்காமல் போகலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் சொல்லாமல் போய், என் அம்மா மூன்று நாள் சாமிக்கு நேர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். 2018-ல் குரங்கணி காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு எங்கள் வீட்டில் 'டிரெக்கிங்' என்ற சொல்லுக்கே பயம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர் பாதிக்கு மேல் நவம்பர் வரை போகலாம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மழையில் மலை சரியும், ரோடு அடைபடும். நாங்கள் ஆயுத பூஜை முடித்த மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

தயாரிப்பு என்று கேட்டால், எங்கள் இருவருடைய தயாரிப்பும் வேறு வேறு. நான் மூன்று மாதம் ஞாயிறுதோறும் வத்தல்மலை ரோட்டில் வேகமாக ஏறினேன், இறங்குவதற்கு நண்பனின் பைக். ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கும் இரண்டு முறை ஓட்டமும் நடையுமாக ஏறினேன். 'நமக்கு மலை பழக்கம்' என்ற எண்ணம் வந்துவிட்டது. அவள் அமாவாசைக்குத் தீர்த்தமலைக்குப் போவாள், படியில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குவாள். வாங்கிய ஷூவை ரேஷன் கடைக்குக்கூடப் போட்டுக்கொண்டு போனாள், தெருவே சிரித்தது. என் ஷூ டேராடூன் வரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. முதல் நாளே குதிகாலில் கொப்புளம்.

அவள் செய்ததுதான் சரி. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். அதனால் எங்கே ஏறினாலும் நடந்தே இறங்குங்கள், முதுகில் ஐந்தாறு கிலோ வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முட்டிக்குப் பெரிய உதவி. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் முன்பே காட்டிவிடுங்கள். மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் பல குழுக்கள் சேர்ப்பதில்லை.

எங்கள் நடை தாலுகா என்ற பெயருள்ள ஊரில் தொடங்கியது. சுபின் ஆறு கூடவே வரும்; அது நைட்வாரில் ரூபினோடு சேர்ந்து டோன்ஸ் ஆகி, கடைசியில் யமுனையில் கலக்கிறது. வழியில் வால்நட் மரங்கள், தேவதாரு, மரமும் கல்லும் அடுக்கிக் கட்டிய வீடுகள். அக்டோபரில் தண்டுக்கீரை இனத்துப் பயிர் ஒன்று கதிர் முற்றி வயல் வயலாகச் சிவந்து கிடக்கிறது. அதை விட எனக்கு ஆச்சரியம், பக்கத்து வயலில் நம்ம கேழ்வரகு. அங்கே மண்டுவா என்கிறார்கள், ரொட்டி தட்டுகிறார்கள். களி கிண்டத் தெரியாதாம். கைடிடம் கையாலேயே கிண்டிக் காட்டினேன். துணி துவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கூடாரம், சமையல் சாமான் எல்லாம் கோவேறு கழுதைகளில் வரும். பெரிய பையையும் கூடுதல் பணம் கட்டினால் அதிலேயே ஏற்றிவிடலாம். கௌரவம் பார்க்காமல் ஏற்றிவிடுங்கள். கழிப்பறை என்பது குழி தோண்டிய ஒரு சின்ன டென்ட், போனபின் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். இரண்டாம் நாளே பழகிவிடும். ராத்திரிக் குளிர் மட்டும் பழகாது.

அந்தக் குளிரில்தான் நான் முதல் தப்பைச் செய்தேன். ராத்திரி டென்ட்டை விட்டு எழுந்து போகச் சோம்பல்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். இரண்டாம் தப்பு, கைடு "தீரே தீரே" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லச் சொல்ல முன்னால் போனது. முதல் ராத்திரி பௌனி கராட்டில், சுமார் 2,500 மீட்டர். மறுநாள் கல்கட்டியாதார் முகாம், ஏறக்குறைய 3,000 மீட்டர். மதியம் எல்லோருக்கும் முன்னால் முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு பாறைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் தலைவலி ஆரம்பித்தது. கைடு ஒவ்வொருவராக "தலைவலி? குமட்டல்?" என்று கேட்டுக்கொண்டு வந்தபோது, "ஒன்றுமில்லை, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். இது மூன்றாவது தப்பு, மற்ற இரண்டையும் விடப் பெரியது. மறுநாள் காலை பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். இவ்வளவு தூரம் வந்து, பணமும் கட்டி, ஒரு தலைவலிக்கு யாராவது நிற்பார்களா என்று கணக்குப் போட்டேன்.

கைடு என் வாயைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்திருக்கிறார். ராஜ்மாவும் சோறும் அப்படியே இருந்தன. பேசாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். 82. அந்த உயரத்தில் மற்றவர்களுக்கு 90-ஐ ஒட்டி இருந்தது. அவர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. தரையில் கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நம் ஊரில் போலீஸ்காரர் குடித்தவனை நடக்கவிடுவது போலத்தான். மூளையில் நீர் கோத்துக்கொண்டால் நடை தள்ளாடும், அதற்கான சோதனை. நேராக நடந்தேன். ஆனால் ராத்திரி இரண்டு தடவை வாந்தி.

எனக்கு வந்தது உயர நோய், உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வருவது. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் வரும். வாரத்துக்கு வாரம் மலை ஏறுகிறவனை அது விட்டுவைப்பதில்லை. சொல்லப்போனால் அவன்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறான். 3,000-க்கு மேலே படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது பொது விதி. அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுக்கிறவர்கள் உண்டு, டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். அறிகுறியோடு மேலே ஏறவே கூடாது. முற்றினால் முக்கிய வைத்தியம் கீழே இறங்குவது. நம் தர்மபுரி ஐநூறு மீட்டரைக்கூடத் தொடாத ஊர் என்பதை நான் அன்றைக்கு வரை யோசித்ததே இல்லை.

விடியற்காலையில் கைடு வந்து, நீங்கள் கீழே போகிறீர்கள் என்றார். நான் கெஞ்சினேன். கடைசியில் கோபமாகவும் பேசினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் குரலை உயர்த்தவில்லை. "நேற்று சாயங்காலம் கேட்டபோதே சொல்லியிருந்தால் தண்ணீர் கொடுத்து, இன்று ஒரு நாள் தங்கவைத்துப் பார்த்திருப்பேன். நீங்கள் பொய் சொன்னதால் எனக்கு ஒரு வழிதான் மிச்சம்" என்று இந்தியில் சொன்னார். என் கடைவீதி இந்திக்கே முழுதாகப் புரிந்தது.

ஆகவே, குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது சாப்பாட்டு மெனுவைக் கேட்டு நேரம் போக்காதீர்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கத் தனி ஆள் இருக்கிறாரா, ஆக்ஸிஜன் சிலிண்டர் கூடவே வருகிறதா, எத்தனை பேருக்கு ஒரு கைடு, மழை வந்தால் கூடுதலாக ஒரு நாள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எங்கள் குழுவில் உதவிக் கைடு இருந்தான். இல்லையென்றால் என் ஒருவனுக்காகப் பன்னிரண்டு பேரும் திரும்பியிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள், வயிற்றுப்போக்கு உட்பட.

அந்த உதவிக் கைடுப் பையன் என்னை இறக்கிக் கூட்டிப்போனான். பக்கத்துக் கங்காட் கிராமத்துக்காரன். இரண்டு மணி நேரத்தில், மந்திரம் போட்டது போல் தலைவலி பாதியாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் ஆற்றைத் தாண்டி ஓஸ்லா என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போய்த் தெரிந்தவர் வீட்டில் மண்டுவா ரொட்டி வாங்கிக்கொடுத்தான். ஊர் நடுவில் செதுக்கு வேலை செய்த மரக்கோயில் ஒன்று. இது துரியோதனன் கோயில் என்று வெளியூர்க்காரர்கள் எழுதியும் பேசியும் வருகிறார்கள். ஊரில் கேட்டால் சோமேஸ்வர் என்கிறார்கள். நான் உள்ளே போகவில்லை, வெளியிலேயே வெகுநேரம் நின்றேன்.

நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்தை ராத்திரி ராத்திரியாக விழித்துப் பார்த்தவன் நான். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், சிவப்புத் தண்ணீர் வழியும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அந்தத் துரியோதனன் பெயரைச் சொல்லி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோயிலைக் காட்டுகிறார்கள் என்றால்! பையனிடம் படுகளத்தை நடித்துக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. களி கிண்டிய அனுபவம் நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

மேலே ஹர் கி தூனில் நின்றால் எதிரே தெரிவது ஸ்வர்காரோகிணி, 6,252 மீட்டர். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிப்போன வழி அது என்பது அங்குள்ள நம்பிக்கை. மறுநாள் மத்தியானம் குழு இறங்கி வந்தது. என் மனைவி மூக்கு தோல் உரிந்து, முகமெல்லாம் பல்லாக வந்து போனை நீட்டினாள். பனிமலை, புல்வெளி, ஆறு. எல்லாப் படத்திலும் ஒரு கறுப்பு நாய். முகாமிலிருந்து பள்ளத்தாக்குவரை அவள் கூடவே நடந்ததாம்.

"ஏங்க, கதையில முதல்ல விழறது பாஞ்சாலிதானே?" என்றாள். ஆமாம் என்றேன்.

"இங்க மாறிப்போச்சு. நாய் மட்டும் கரெக்டா வந்துடுச்சு."